போல்டனுக்கு ஒரே ஒரு ஆட்டம்

லெஸ்டர் சிட்டி 286, ஸ்டோக் சிட்டி 110, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 202, சவுத்தாம்ப்டன் 188, டெர்பி கவுன்ட்டி 175, பிளைமவுத் 34, போல்டன் 1, லெய்ட்டன் ஓரியன்ட் 9. இங்கிலாந்துக் கால்பந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் எந்தக் கிளப்புக்கு எத்தனை லீக் ஆட்டம் ஆடினார் என்ற கணக்கு இது. கூட்டினால் 1005 வருகிறது. 1966 மே மாதம், பதினாறு வயதில் லெஸ்டருக்காக முதல் ஆட்டம். 1997 ஜனவரியில் கடைசி ஆட்டம். இடையில் விம்பிள்டன், கவென்ட்ரி, வெஸ்ட் ஹாம் என்று மூன்று கிளப்புகளில் சேர்ந்திருக்கிறார், லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தப் பூஜ்யங்களையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது போல்டனின் அந்த 1. இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய மனிதர், நாற்பத்தைந்து வயதில் ஒரு கிளப்புக்காக ஒரே ஒரு லீக் ஆட்டத்தில் நிற்கிறார். அதுவும் கணக்கில் இருக்கிறது.

இந்தப் பட்டியலை நான் தேடிப் போனது ஒரு நண்பனோடு நடந்த வெட்டி விவாதத்தால். எந்தக் கோல்கீப்பர் அதிக ஆட்டம் ஆடியவர் என்பதுதான் பேச்சு. விடை கையில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது அவன் காரில் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணத்துக்கு முந்தைய இடையிசையில் வயலின்கள் எல்லாம் அடங்கிப்போய், பேஸ் கிதார் மட்டும் தனியாக இறங்கிவரும் ஓர் இடம் உண்டு. அந்த எட்டு விநாடிக்காகவே பாட்டை மறுபடி மறுபடி கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். "இது யாருடா வாசிச்சது?" என்று கேட்டான். படம், வருடம், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள், கேசட் கம்பெனி வரை எல்லாம் கிடைத்தது. வாசித்தவர் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ரசிகர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எல்லாம் காதால் எட்டிய ஊகம். முப்பது வருடம் முன்பு பிரிட்டனில் ஓர் ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும், என் ஊரில் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் யார் வாசித்தார் என்று தெரியாது. இந்த எரிச்சல் அன்றோடு போகவில்லை.

பந்துக்காரர்களுக்கு மரியாதை இருக்கிறது, வாத்தியக்காரர்களுக்கு இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கால்பந்து உலகம் ஆட்களை மதித்த லட்சணம் நமக்குத் தெரியும். 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேருக்குத்தான் பதக்கம். அணியிலிருந்த மற்ற பதினொருவரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அதில் ஜிம்மி கிரீவ்ஸும் ஒருவர், அந்தக் காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த கோலடிப்பாளர். அவர்களுக்குப் பதக்கம் கொடுக்க ஃபிஃபாவுக்கு 2009 வரை மனம் வரவில்லை. நாற்பத்து மூன்று வருடம்! ஆனாலும் அந்தப் பதினொரு பேரின் பெயர்களும் 1966லேயே அணிப் பட்டியலில் அச்சாகியிருந்தன. பதக்கம் வராத காலத்திலும் பதிவு இருந்தது. அப்படியானால் பதிவு மரியாதையால் வருவதில்லை, வேறெதனாலோ வருகிறது.

நடுவருக்குத் தேவைப்பட்ட காகிதம்

ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரு அணிகளும் பெயர்ப் பட்டியலை நடுவரிடம் கொடுத்தாக வேண்டும். காரணம் பாசமல்ல, சந்தேகம். பதிவு செய்யாத ஆளை இறக்கிவிடக் கூடாது, தடை விதிக்கப்பட்டவன் வேறு சட்டையில் வந்து நின்றுவிடக் கூடாது, எதிரணி நாளைக்குப் புகார் கொடுத்தால் காட்டக் காகிதம் வேண்டும். எதிரே இன்னோர் அணி நிற்பதால்தான் இந்தக் காகிதமே. ஏமாற்ற வாய்ப்பிருக்கிற இடத்தில் கணக்கு சுத்தமாக இருக்கும். இங்கிலாந்து லீக்கில் அணிக்கு ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர் என்று அனுமதித்தது 1965-66 பருவத்தில்தான். முதல் நாளே, ஆகஸ்ட் 21 அன்று, போல்டன் மைதானத்தில் சார்ல்டன் கோல்கீப்பருக்கு அடிபட, பதினோராவது நிமிடத்தில் கீத் பீகாக் என்பவர் இறங்கினார். (மறுபடியும் போல்டன், நானாக இழுத்துவரவில்லை.) லீக் வரலாற்றின் முதல் மாற்று ஆட்டக்காரர் அவர்தான் என்று இன்றைக்கும் நிமிடத்தோடு சொல்ல முடிகிறது. அந்த நிமிடத்தைக் குறித்தவர் சரித்திரம் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார். ஓர் அணி இரண்டு பேரை மாற்றிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலையாக இருந்திருக்கும்.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2025 ஆகஸ்டில் பிரேசிலின் ஃப்ளுமினென்ஸ் கோல்கீப்பர் ஃபாபியோ மரக்கானாவில் இறங்கியபோது, ஷில்டனின் ஒட்டுமொத்தச் சாதனையைத் தாண்டிவிட்டார் என்று கொண்டாடினார்கள். லீக் மட்டுமல்லாமல் எல்லாப் போட்டிகளும் சேர்த்து ஷில்டன் ஆடியது 1390 என்பது கின்னஸ் கணக்கு. ஷில்டனே சொன்ன கணக்கு 1387. இத்தனை பெரிய எண்ணில் மூன்று ஆட்டம் இடிக்கிறது, அதற்கே பத்திரிகைகளில் செய்தி வந்தது. என் நண்பனின் காரில் ஓடிய பாட்டில் எத்தனை வயலின் என்றே யாருக்கும் தெரியாது.

டெட்ராய்ட்டின் ஒற்றை விரல்

இந்தக் கதையில் எனக்குள் ஆழமாகத் தைத்த ஆள் ஜேம்ஸ் ஜாமர்சன். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மேற்கு கிராண்ட் புலவார் சாலை, 2648ஆம் எண் வீடு. அங்கேதான் மோடவுன் என்ற இசைத்தட்டு கம்பெனியின் ஸ்டூடியோ. வாசிப்பவர்கள் அந்த அறைக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பாம்புக் குழி. அறுபதுகளில் அங்கிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது ஜாமர்சனின் பேஸ். வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டுவார். அந்த விரலுக்கே கொக்கி என்று பெயர். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் அவருடைய பேஸ் இன்னொரு பாட்டைத் தொடங்கியிருக்கும். பேஸ் கிதாரைத் தாளத்துக்கு முட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து விடுவித்து, தனியாகப் பேச வைத்தவர்களின் வரிசையில் அவர்தான் முன்னால் நிற்கிறார் என்று பின்னால் வந்த பேஸ்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் அறுபதுகள் முழுக்க மோடவுன் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் கிடையாது. பாடகர்கள் படம் இருக்கும், பாட்டு எழுதியவர், தயாரித்தவர் பெயர் இருக்கும். ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்ட அந்த வாத்தியக் குழு எங்கேயும் இருக்காது. 1971இல் மோடவுன் பாடகர் மார்வின் கே தன் இசைத்தட்டில் பிடிவாதமாக வாசித்தவர்கள் பெயரைப் போட்டார், ஜாமர்சனுக்கு "ஈடிணையற்ற" என்று அடைமொழியே கொடுத்து. அடுத்த ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. ஜாமர்சனும் பின்னாலேயே போனார், அங்கே வேலை சரியாக அமையவில்லை. குடி வேறு.

1983 மார்ச் 25. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் மோடவுனின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. மைக்கேல் ஜாக்சன் தொலைக்காட்சி நேயர்களுக்கு முதன்முதலாக மூன்வாக் நடந்து காட்டிய அதே மேடை, அதே இரவு. நம் ஊரில் அந்தத் துண்டைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜாமர்சனுக்கு அழைப்பில்லை. வெளியே பிளாக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மேடையில் பாடப்பட்ட பழைய பாட்டுகளில் எத்தனையோ அவர் விரல் பட்டவை. அந்த ஆகஸ்டில் இறந்துபோனார், வயது நாற்பத்தேழு. அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய 1962ஆம் வருட ஃபெண்டர் பேஸையும் யாரோ திருடிக்கொண்டு போயிருந்தார்கள். 2000இல் ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபம் பக்கவாத்தியக்காரர்களுக்கு என்று ஒரு பிரிவைத் திறந்தபோது முதல் ஐந்து பேரில் ஒருவராகச் சேர்த்தார்கள்.

கண்ணீர்க் கதையாக மட்டும் இதைப் படித்தால் முக்கியமான ஒன்று தப்பிவிடும். பெயர் போடாததால் வந்த வினை ஜாமர்சனோடு போகவில்லை. கரோல் கே என்ற மகத்தான பேஸ் கலைஞர் லாஸ் ஏஞ்சல்ஸில் அதே காலத்தில் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். மோடவுன் அந்த ஊரிலும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தது, அவரும் அவர்களுக்காக வாசித்திருக்கிறார். டெட்ராய்ட்டில் ஜாமர்சன் வாசித்ததாக உலகம் நம்பும் சில பாட்டுகள், 1967இல் வந்த ஒரு ஸ்டீவி வொண்டர் பாட்டு உட்பட, தன் வாசிப்பு என்று கரோல் கே சொன்னார். டெட்ராய்ட்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள். யார் சொல்வது சரி என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, டெட்ராய்ட் பக்கம். அதுவும் காதை வைத்துச் சொல்வதுதான். இரண்டு பேரும் மேதைகள், இரண்டு பேருக்கும் வேலை ஏராளம், ஒரு நாளில் இரண்டு மூன்று ஒலிப்பதிவு. ஒரே ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

சில பாட்டுகளுக்கு அந்தக் காகிதம் இருக்கவும் செய்கிறது. அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் 1942இலிருந்து 1944 வரை ஒலிப்பதிவுக்கே போகாமல் வேலைநிறுத்தம் செய்து கம்பெனிகளைப் பணியவைத்த சங்கம். அதன் விதிப்படி ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒப்பந்தப் படிவம் உண்டு: தேதி, ஸ்டூடியோ, நேரம், பாட்டு, வாசித்தவர்கள், ஆளுக்கு எவ்வளவு. லாஸ் ஏஞ்சல்ஸின் புகழ்பெற்ற வாத்தியக் குழு யார் யார் பாட்டுக்கெல்லாம் வாசித்தது என்று பிற்காலத்தில் தெரியவந்ததில் பெரும்பங்கு இந்தக் கூலிப் படிவங்களுக்குத்தான். பிரிட்டனில் 1996இல் சட்டம் மாறி, இசைத்தட்டு வானொலியில் ஒலிபரப்பானால் வாசித்தவருக்கும் பங்கு என்று வந்தது. உடனே யார் வாசித்தார் என்ற கேள்வி ரசிகர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து கணக்குப் பிரிவின் தலைவலியாக மாறியது. கிளெம் கட்டினி என்ற லண்டன் டிரம்ஸ்காரர், பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வாசித்திருக்கிறார் என்று இன்று சொல்ல முடிகிறது. அவர் வாசித்த காலத்தில் அப்படி ஓர் எண்ணிக்கை அவருக்கே இருந்திருக்காது.

சாலிகிராமத்து டைரிகள்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சாலிகிராமத்தில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் வயலின் வாசித்தவர். அவர் பேரன் எனக்குத் தெரிந்த பையன். பெயர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். "நீங்க வாசிச்ச பாட்டையெல்லாம் சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தேன். சிரித்தார். "தம்பி, பாட்டு என்னான்னே எங்களுக்குத் தெரியாது. காலையில போவோம். நொட்டேஷன் எழுதுவோம். ரெண்டு மானிட்டர், அதான் ஒத்திகை, பார்ப்பாங்க. டேக். ஒருத்தன் தப்பு பண்ணா எல்லாரும் மொதல்லருந்து. ஓகே ஆச்சுன்னா காபி. வரி என்னா, யார் நடிக்கிறா, ஒண்ணும் தெரியாது. கம்பெனி பேரு தெரியும், அவ்ளோதான். படம் வந்தப்புறம் ரேடியோவுல போட்டான்னா, அட இது நம்ம வாசிச்சதாச்சேன்னு தோணும். தோணாமலும் போவும்."

பிறகு பேரனைக் கூப்பிட்டு மேல் பரணிலிருந்து ஒரு பையை இறக்கச் சொன்னார். உள்ளே டைரிகள், வருடத்துக்கு ஒன்று. ஆர்வத்தோடு பிரித்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: ஸ்டூடியோ பெயர், கம்பெனி பெயர், காலையா மாலையா, எத்தனை கால்ஷீட், எவ்வளவு ரூபாய், வந்ததா பாக்கியா. பாக்கி வந்த பிறகு பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். முத்து முத்தான கையெழுத்து. ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார், தீபாவளிக்கு முந்தின நாள் இரவு வரை. ஒரு பாட்டின் பெயர்கூட எங்கும் இல்லை.

அந்த டைரிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அதுவரை படித்ததெல்லாம் எனக்கு ஒரு கோட்டில் வந்து நின்றது. இவ்வளவு ஒழுங்கான மனிதர், இவ்வளவு நல்ல நினைவு, ஆனாலும் பாட்டை எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? எழுதினால் என்ன கிடைத்திருக்கும்? கால்ஷீட் பாக்கி நின்றால் கேட்கப் போகத் தேதியும் கம்பெனியும் வேண்டும், எழுதினார். பாட்டு எத்தனை முறை ஒலித்தாலும் அவருக்கு ஒரு பைசா வரப்போவதில்லை, எழுதவில்லை. ஷில்டனின் கணக்கை எழுதிய குமாஸ்தாக்களுக்கும் இவருக்கும் கவனத்தில் ஒரு குறையும் இல்லை, யாரிடம் எதைக் கேட்டு ஆள் வருவான் என்பதில்தான் வித்தியாசம். மைதானத்தில் "யார் ஆடினது?" என்று கேட்க எதிரணி இருக்கிறது. ஸ்டூடியோவில் "யார் வாசிச்சது?" என்று கேட்க ஒருவரும் வரவில்லை. இன்று நாம் வருகிறோம், நாற்பது வருடம் கழித்து, ஹெட்போனோடு.

நம் ஊரில் பெயர் போடும் வழக்கம் வராமலும் இல்லை. தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறைகளில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட ஆரம்பித்தார். 'பம்பாய்' படத்தின் அந்தப் புல்லாங்குழல் நவீன் குமாருடையது என்பது பாமர ரசிகருக்கும் தெரிந்ததற்கு அது ஒரு காரணம். சிறுவயதில் அந்த மெல்லிய எழுத்துகளை உறையை விரித்து விரித்துப் படித்தது என் தலைமுறையில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அது ஓர் இசையமைப்பாளரின் நல்ல மனசு. நல்ல மனசு விதியாகாது. கேசட் போய், குறுந்தகடு போய், உறையே இல்லாத காலம் வந்ததும் அந்த எழுத்துகளுக்கு இடமில்லாமல் போய்விட்டது. இன்றைக்குக் கைபேசியில் பாட்டின் விவரத்தைத் தட்டினால் பெரும்பாலும் மறுபடியும் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர்.

சட்டம் இன்னும் விசித்திரம். 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடகர், வாத்தியக்காரர், நடிகர் போன்ற நிகழ்த்துநர்களின் உரிமைகளை விரிவாக்கினார்கள். நல்லது. அதே கையோடு நிகழ்த்துநர் என்றால் யார் என்ற வரையறைக்குக் கீழே ஒரு விலக்கையும் சேர்த்தார்கள். ஒரு திரைப்படத்தில் ஒருவரின் பங்கு மேலோட்டமானதாகவோ தற்செயலானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் அவர் பெயர் குறிப்பிடப்படுவதும் இல்லை என்றால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். அவர் பங்களிப்பை யாராவது திரித்துக் கெடுத்தால் ஆட்சேபிக்கும் உரிமை ஒன்று மட்டும் அவருக்கு மிச்சம். நாற்பது வயலின்களில் பதினேழாவது வயலின் தற்செயலா இல்லையா என்று வக்கீல்கள் வாதாடட்டும். எனக்குக் கண்ணில் பட்டது அந்த இரண்டாவது நிபந்தனை. பெயர் போடாதது தொழிலின் குறை என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். போடாமலே இருப்பது வழக்கமாகிவிட்டால், அதையே வாசித்தவருக்கு எதிராகத் திருப்ப முடியும்.

மூன்று பாட்டு

பேரனுக்கு ஒரு யோசனை. டைரித் தேதிகளையும் படங்களின் விவரங்களையும் ஒட்டவைத்து, தாத்தா வாசித்த பாட்டுகளை இணையத்தில் ஒரு பட்டியலாக ஏற்றிவிடலாம் என்றான். கம்பெனி பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, படம் தெரிந்துவிடும், பாட்டு ஐந்தோ ஆறோ. நான் உற்சாகமாகிவிட்டேன். பெரியவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை, இருந்தாலும் உட்கார்ந்தார். தனி வயலின் வருகிற இடங்களைப் போட்டுக் காட்டினோம். மூன்று பாட்டுக்கு உடனே தலையாட்டினார். ஒன்றில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரல்கள் தொடையில் நகர்ந்தன. அந்த மூன்றையும் பேரன் எழுதிக்கொண்டான்.

நான்காவது எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. தேதி பொருந்துகிறது, கம்பெனி பொருந்துகிறது, டைரியில் சிவப்பு டிக்கும் இருக்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டு, "இது நான் இல்ல" என்றார்.

"டைரியில இருக்கே தாத்தா" என்றான் பேரன்.

"டைரில காசு இருக்கு. அன்னைக்கு அந்தக் கம்பெனிக்குப் போனேன், வாசிச்சேன், காசு வாங்கினேன். ஆனா இந்தத் தனி பிட்டு வேற ஆளு. அந்த எறக்கத்துல வில்லை எப்படித் திருப்புறான் பாரு, அது என் கை இல்ல."

பேரன் அந்த வரியை அழித்துவிட்டு, அப்படியானால் யார் என்று கேட்டான். பெரியவர் ஒரு பட்டப்பெயரைச் சொன்னார், குட்டையாக இருப்பாராம், ஸ்கூட்டரில் வருவாராம். முழுப் பெயர் என்னவென்று யோசித்தார், வரவில்லை.

"யூனியன்ல கேட்டுப் பாரு. சந்தா கட்டியிருப்பான், அதுல இருக்கும்."